கன்டெய்னருக்கு சீல் வைக்கும் முன்: நம் ஊர் உணவுச் சரக்கை அமெரிக்காவில் இறக்குவது

நல்லெண்ணெயில் போட்ட பூண்டு ஊறுகாய், 300 கிராம் பாட்டில். லேபிளில் "சமையல் எண்ணெய்" என்றும், "அனுமதிக்கப்பட்ட இரண்டாம் வகைப் பதப்படுத்தி, ஐ.என்.எஸ். 211" என்றும் இருக்கும். 100 கிராமுக்கான சத்து அட்டவணை, பச்சைப் புள்ளி, எடை கிராமில். தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் இதை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். இதே பாட்டிலை நியூ ஜெர்சியில் இறக்கினால் ஐந்தாறு இடத்தில் மாட்டும். அதில் ஒன்றுகூட ருசியையோ தரத்தையோ பற்றியது இல்லை.

அமெரிக்காவில் இந்திய மளிகை இறக்குமதியைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் துறைமுகத்தை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். உண்மையில் சரக்கு நிற்பதற்கான காரணம் பெரும்பாலும் இந்தியாவிலேயே, பேக்கிங் அறையிலும் லேபிள் அச்சிலும், பிறந்துவிடுகிறது. துறைமுகத்தில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். ஆகவே அந்தப் பாட்டிலிலிருந்தே தொடங்கலாம்.

"சமையல் எண்ணெய்" என்ற பொதுப்பெயர் அங்கே செல்லாது. எந்த வித்தின் எண்ணெய் என்று எழுத வேண்டும். நல்லெண்ணெய் என்று எழுதியதும் அடுத்த விஷயம் வருகிறது. பால், முட்டை, மீன், இறால்–நண்டு வகை, மரக்கொட்டைகள், நிலக்கடலை, கோதுமை, சோயா என்று எட்டாக இருந்த ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் 2023 ஜனவரி 1 முதல் ஒன்பதாவதாக எள்ளும் சேர்ந்திருக்கிறது. மரக்கொட்டை என்றால் முந்திரியா பாதாமா என்று பெயர் சொல்ல வேண்டும். தேங்காயை எஃப்.டி.ஏ., அதாவது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், 2025 ஜனவரியில் அந்த மரக்கொட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. பழைய லேபிள் மாதிரிகளில் இன்னும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் தவறவிடப்படுவது பெருங்காயம். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பிசினைவிட மாவுதான் அதிகம், அதுவும் பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. ஊறுகாய் லேபிளில் "பெருங்காயம்" என்று ஒரே சொல்லில் முடித்தால் கோதுமை மறைந்துபோகிறது. சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, புளியோதரைப் பொடி, அப்பளம், முறுக்கு எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். கோதுமை ஒத்துக்கொள்ளாத ஒரு குழந்தையின் தாய் அந்த லேபிளை நம்பித்தான் பொடியை வாங்குகிறாள். அதனால்தான் சொல்லாமல் விட்ட ஒவ்வாமைப் பொருள் ஒன்று இருந்தாலும் விற்ற சரக்கு முழுவதையும் கடை கடையாகத் திரும்பப் பெற வேண்டியதாகிறது. தயாரிப்பாளரிடம் "பெருங்காயத்தில் கோதுமை உண்டா" என்று கேட்டால் "தெரியவில்லை, இருக்காது" என்றே பதில் வரும். அவர் வாங்கும் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அதில் உள்ள கூட்டுப்பொருள்களை அப்படியே உங்கள் லேபிளில் எழுத வேண்டும்.

"கொண்டுள்ளது: கோதுமை" என்று தனிவரி போடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வரியைப் போட்டால் பாட்டிலில் உள்ள எல்லா ஒவ்வாமைப் பொருளும் அதில் வர வேண்டும். கோதுமையை அங்கே எழுதிவிட்டு, எள் மேலே கூட்டுப்பொருள் பட்டியலில்தான் இருக்கிறதே என்று விட்டால் அது தவறு.

மற்றவை எளிது. ஐ.என்.எஸ். 211 என்பதை சோடியம் பென்சோயேட் என்று பெயர் சொல்லி எழுதி, அது பதப்படுத்தியாகச் சேர்க்கப்பட்டது என்பதையும் குறிப்பிட வேண்டும். எடை, முன்முகத்தின் கீழ்ப்பகுதி 30 சதவீதத்துக்குள், அவுன்ஸ், கிராம் இரண்டிலும் வர வேண்டும். சத்து அட்டவணை 100 கிராமுக்கு இல்லாமல் எஃப்.டி.ஏ. வகுத்த பரிமாறும் அளவுக்கு, சேர்த்த சர்க்கரை, வைட்டமின் டி, கால்சியம், இரும்பு, பொட்டாசியம் ஆகியவற்றோடு இருக்க வேண்டும். தயாரித்த நாடு இந்தியா என்பது ஆங்கிலத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். இந்திய லேபிளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது குற்றமில்லை. அதை இந்தியாவிலேயே, பெட்டி கட்டும் முன் ஒட்டுங்கள். இங்கே ஒரு பகல் வேலையாக முடிவது, அங்கே போய்ச் சேர்ந்தபின் விண்ணப்பம், அனுமதி, அதிகாரியின் மேற்பார்வைக் கட்டணம், கிடங்கு வாடகை என்று வாரக்கணக்கில் நீளும்.

நிறம், அமிலம், கருவாடு

இந்தியாவில் அனுமதி உள்ள நிறங்கள் எல்லாம் அமெரிக்காவில் செல்லாது. கார்மோசினும் பொன்சோ 4ஆரும் அங்கே உணவில் கூடவே கூடாது. டார்ட்ரசின் கூடும், ஆனால் "யெல்லோ 5" என்ற பெயரில்தான் எழுத வேண்டும். தயாரிப்பாளர்கள் பலருக்குத் தெரியாத நிபந்தனை அதற்கடுத்தது: அந்த நிறத்தூளின் ஒவ்வொரு லாட்டையும் எஃப்.டி.ஏ.வே சோதித்துச் சான்றளித்திருக்க வேண்டும். உள்ளூர் சந்தையில் வாங்கிய டார்ட்ரசின் வேதியியலில் அதே பொருளாக இருந்தாலும், சட்டப்படி அது பாதுகாப்பற்ற நிறம். டுட்டி ஃப்ரூட்டியிலும் செர்ரியிலும் வரும் எரித்ரோசின், அதாவது ரெட் 3, உணவில் சேர்ப்பதற்கான அனுமதியும் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. மாற்றிக்கொள்ள 2027 ஜனவரி 15 வரை அவகாசம். மிக்சர், லட்டு, கேசரி மிக்ஸ் போன்றவற்றில் மஞ்சளாலோ மிளகாய்ச் சாற்றாலோ நிறம் வரட்டும், செயற்கை நிறம் வேண்டாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

ஊறுகாய்க்கு வருவோம். பூண்டு, இஞ்சி, கத்தரிக்காய், மிளகாய் போன்றவை இயல்பில் அமிலம் குறைந்தவை. வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து அவற்றின் பி.எச். அளவை (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.6-க்கோ அதற்குக் கீழோ கொண்டுவந்து, அறை வெப்பத்தில் விற்றால், அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு "அமிலமாக்கிய உணவு" என்று பெயர். காரணம் போட்டுலினம் என்ற கிருமி. காற்றில்லாத இடத்தில், எண்ணெய்க்கடியில், 4.6-க்கு மேற்பட்ட பி.எச்.சில் அது நஞ்சை உண்டாக்கும். மணமும் நிறமும் மாறாமலே பாட்டில் உயிரைப் பறிக்கும் பொருளாகிவிடலாம். எண்ணெயில் மிதக்கும் பூண்டு அதற்கு எல்லா வசதியும் செய்து கொடுக்கிற இடம்.

இந்த வகைக்குச் சாதாரணப் பதிவு போதாது. தயாரிக்கும் ஆலை எஃப்.சி.இ. எண், அதாவது இவ்வகை உணவு செய்யும் ஆலைக்கென்று எஃப்.டி.ஏ. தரும் எண், பெற வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும், அதன் செய்முறைக்கும், பாட்டில் அளவுக்கும் தகுந்தபடி செய்முறையைப் பதிந்து எஸ்.ஐ.டி. எண் வாங்க வேண்டும். அமில அளவைக் கண்காணிப்பவர் அங்கீகரித்த பயிற்சி முடித்திருக்க வேண்டும். 300 கிராம் பாட்டிலுக்கு எண் வாங்கிவிட்டு, வாடிக்கையாளர் கேட்டார் என்று ஒரு கிலோ ஜாடியும் சேர்த்து ஏற்றினால் அந்த ஜாடி நிற்கும். பாக்கெட்டை வெட்டிச் சூடாக்கிச் சாப்பிடும் ரிடார்ட் சாம்பார், பொங்கல், பிசிபேளாபாத் ஆகியவை அமிலம் குறைந்த உணவு வகை. அவற்றுக்கும் இதே இரண்டு எண்கள், இன்னும் கடுமையான செய்முறைப் பதிவோடு.

எலுமிச்சை ஊறுகாய் இயல்பிலேயே அமிலம் மிக்கது. உப்பும் எண்ணெயும் மிகுந்த சில ஊறுகாய்களில் கிருமிக்குக் கிடைக்கும் ஈரம், ஆய்வகம் நீர்ச் செயல்பாடு என்று அளப்பது, 0.85-க்கு மேல் போகாது. இவை இந்த விதிக்குள் வராமல் போகலாம். ஆனால் "வராது" என்று தயாரிப்பாளர் வாயால் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். காயும் சாறும் ஒன்றாக ஊறிச் சமநிலைக்கு வந்தபின் அளந்த பி.எச்., நீர்ச் செயல்பாடு இரண்டும் உள்ள ஆய்வக அறிக்கை கையில் இருக்க வேண்டும். பாட்டிலின் சாற்றை மட்டும் அளந்து 3.8 என்று காட்டுவது பயன்படாது. பூண்டுப் பல்லின் நடுவே 5-க்கு மேல் இருக்கலாம். பல்லையும் சேர்த்து அரைத்து அளக்கச் சொல்லுங்கள்.

கருவாட்டுக்கும் போட்டுலினம்தான் பிரச்சினை. 5 அங்குலத்துக்கு மேல் நீளமுள்ள மீனைக் குடல் நீக்காமல் உப்பிட்டு உலர்த்தியிருந்தால் எஃப்.டி.ஏ. அதை ஏற்காது. நெத்திலி தப்பிக்கும். முழுதாகக் காயவைத்த பெரிய மீன் தப்பிக்காது. மீன் சரக்கு எதுவானாலும் அதைப் பதப்படுத்தும் இடத்தில் எச்.ஏ.சி.சி.பி. எனும் ஆபத்துத் தடுப்புத் திட்டம் நடைமுறையில் இருக்க வேண்டும், இறக்குமதியாளர் அதைச் சரிபார்த்ததற்கான காகிதமும் வேண்டும்.

இன்னும் சில, சுருக்கமாக. கடுகெண்ணெய் எரூசிக் அமிலம் காரணமாகச் சமையலுக்கு என்று இறக்க முடியாது. கடைகளில் "வெளிப்பூச்சுக்கு மட்டும்" என்று எழுதிய பாட்டில்கள் நிற்பது அதனால்தான். இறைச்சியோ கோழியோ கலந்த பொருளை இந்தியாவிலிருந்து கொண்டுவர நினைக்க வேண்டாம். "சிக்கன் மசாலா" வெறும் மசாலாத்தான் என்றாலும் பெயரைப் பார்த்துக் கேள்வி வரலாம், கூட்டுப்பொருள் பட்டியலைத் தனித்தாளிலும் வைத்திருங்கள். பச்சைக் கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்து நோயைக் கொண்டுவரும் என்பதால் தடை. அரிசிக்கு, தானியத்தைத் தின்னும் காப்ரா வண்டு உள்ள நாடு என்பதால், தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் முடியாது. கடலை மிட்டாய்க்கு அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சுக்கான சோதனை வேண்டும், வரம்பு 20 பி.பி.பி. (நூறு கோடியில் 20 பங்கு). பெட்டிகளுக்கு அடியில் போடும் மரப் பேலட்டில் மரத்தில் பூச்சி நீக்கியதைக் காட்டும், கோதுமைக்கதிர் போன்ற ஐ.பி.பி.சி. முத்திரை இருக்கிறதா என்று சரக்கு ஏற்றுபவர் பார்க்கட்டும். முத்திரை இல்லாத ஒரே ஒரு பேலட்டுக்காக மொத்தக் கன்டெய்னரையும் திருப்பி அனுப்பச் சொல்லும் அதிகாரம் சுங்கத்துக்கு உண்டு.

பதிவு எண்ணும், பொறுப்பும்

அமெரிக்காவுக்கு உணவு அனுப்பும் வெளிநாட்டு ஆலை ஒவ்வொன்றும் எஃப்.டி.ஏ.வில் பதிந்திருக்க வேண்டும். பதிவுக்கு அரசு ஒரு பைசாவும் வாங்குவதில்லை, சான்றிதழ் எதையும் கொடுப்பதுமில்லை. சுவரில் மாட்டும் தங்க முத்திரைச் சான்றிதழ் எல்லாம் இடைத்தரகர்கள் அச்சடித்தவை. அதைக் காட்டும் தயாரிப்பாளரிடம் 11 இலக்கப் பதிவு எண் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறதா என்றுதான் கேட்க வேண்டும். இரட்டைப்படை ஆண்டுகளில் அக்டோபர் 1 முதல் டிசம்பர் 31-க்குள் புதுப்பிக்காவிட்டால் பதிவு காலாவதியாகிவிடும். அடுத்து வரும் ஜனவரி, பிப்ரவரியில் நிற்கும் சரக்குகளில் இது ஒரு வழக்கமான காரணம். பொங்கலுக்கு வந்திருக்க வேண்டிய சரக்கு இந்த ஒரு காரணத்துக்காக மாசி வரை கிடங்கில் கிடக்கும்.

வாங்கித் தரும் வியாபாரியின் பதிவு எண் இங்கே உதவாது. உண்மையில் தயாரித்த ஆலையின் எண் வேண்டும். 12 தயாரிப்பாளர்களின் 80 பொருள்களைக் கலந்து ஏற்றும் மளிகைக் கன்டெய்னரில்தான் இது தலைவலி. வியாபாரி தன் வழங்குநர்களின் பெயரைச் சொல்லத் தயங்குவார், நீங்கள் நேரே போய்விடுவீர்கள் என்ற பயம். தயக்கம் புரிகிறது. ஆனால் அந்த எண் இல்லாமல் அந்தப் பொருளை ஏற்றவே கூடாது.

2017 மே 30-இல் நடைமுறைக்கு வரத் தொடங்கிய எஃப்.எஸ்.வி.பி. விதி, வெளிநாட்டு வழங்குநரைச் சரிபார்க்கும் பொறுப்பை அமெரிக்காவில் உள்ள இறக்குமதியாளரின் தலையில் வைத்துவிட்டது. சுங்கப் பதிவில் ஒவ்வொரு பொருள்வரியிலும் அந்தப் பொறுப்பாளரின் பெயர், மின்னஞ்சல், டன்ஸ் எண் (நிறுவனத்துக்குத் தரப்படும் அடையாள எண்) வரும். கஸ்டம்ஸ் புரோக்கர் தன் பெயரைப் போடுவார் என்று நம்பாதீர்கள். சரக்குக்குச் சொந்தக்காரர் அல்லது வாங்குபவர், அதாவது பெரும்பாலும் நீங்கள்தான்.

வேலை என்ன? மிளகாய்த்தூளை எடுத்துக்கொள்வோம். அதில் என்ன ஆபத்து வரலாம் என்று முதலில் எழுத வேண்டும்: சால்மோனெல்லா கிருமி, அஃப்ளடாக்சின், பூச்சிமருந்து, சட்டவிரோத நிறம். மஞ்சள்தூள் என்றால் பளபளப்புக்காகக் கலக்கும் ஈயக் குரோமேட்டும் உண்டு. அடுத்து, ஒவ்வொன்றையும் எந்தக் கட்டத்தில் யார் தடுக்கிறார்கள் என்று எழுத வேண்டும். நீராவியில் கிருமி நீக்கினால் எத்தனை டிகிரி, எத்தனை நிமிடம், அந்த அளவு போதுமென்று யார் நிரூபித்தார்கள்? பிறகு அதைச் சரிபார்த்ததற்கான ஆதாரம். சால்மோனெல்லா போன்ற உயிருக்கு ஆபத்தானவற்றுக்கு, சரக்கு வருமுன் ஒருமுறையும் பிறகு ஆண்டுக்கொரு முறையும் ஆலையில் நேரடித் தணிக்கை என்பதே பொது வழி. வேறு வழி போதுமென்றால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும். இதைச் செய்பவர் அந்தப் படிப்போ பயிற்சியோ அனுபவமோ உள்ளவராக இருக்க வேண்டும். இந்திய உணவு உரிமமும் ஐ.எஸ்.ஓ. சான்றும் கோப்பில் இருக்கலாம், ஆனால் அவை இந்தக் கேள்விகளுக்குப் பதிலாகாது.

ஆண்டு விற்பனை சராசரி 10 லட்சம் டாலருக்குக் கீழே உள்ள மிகச் சிறிய இறக்குமதியாளருக்குச் சுமை குறைவு. தான் அந்தத் தகுதி உள்ளவர் என்பதை ஆவணப்படுத்தி, வழங்குநரிடமிருந்து இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எழுத்துறுதி வாங்கி வைத்தால் பெரும்பகுதி முடிந்தது. இந்தச் சலுகை இருப்பதே பல சிறு கடைக்காரர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் காகிதம் வாங்காமல் விட்டுவிடுகிறார்கள். ஆய்வுக்கு வருபவர் சரக்கைப் பார்க்க வருவதில்லை, கோப்பைப் பார்க்க வருகிறார். சரக்கு விற்றுத் தீர்ந்து பல மாதம் கழித்தும் வரலாம். கோப்பு இரண்டு ஆண்டுக்கு இருக்க வேண்டும்.

கடிகாரம்

கப்பலில் வரும் சரக்குக்கு ஐ.எஸ்.எஃப். எனும் இறக்குமதியாளர் தரும் சரக்கு விவரத்தை, அமெரிக்கா போகும் கப்பலில் கன்டெய்னர் ஏறுவதற்கு 24 மணி நேரம் முன்பே சுங்கத்துக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஒரு மீறலுக்கு 5,000 டாலர் வரை அபராதம். தூத்துக்குடிச் சரக்கு பெரும்பாலும் சிறு கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுவதால், இன்னும் நாள் இருக்கிறது என்று தோன்றும். கொழும்பில் எப்போது ஏற்றுவார்கள் என்பது உங்கள் கையில் இல்லை. தூத்துக்குடியை விடும் முன்பே அனுப்பிவிடுங்கள்.

பிரையர் நோட்டீஸ், அதாவது உணவுச் சரக்கு வருகிறது என்று எஃப்.டி.ஏ.வுக்குத் தரும் முன்னறிவிப்பு, வேறு கணக்கு. கடல்வழி என்றால் சரக்கு வந்து சேர 8 மணி நேரத்துக்கு முன்பாவது எஃப்.டி.ஏ. அதை ஏற்று உறுதி எண் தந்திருக்க வேண்டும். விமானத்துக்கு 4 மணி. மிக முன்னதாகவும் போட முடியாது: எஃப்.டி.ஏ. தளத்தில் நேரடியாக என்றால் 15 நாள், புரோக்கரின் சுங்க வழியாக என்றால் 30 நாள். ஆகவே ஏற்றிய அன்றே முடித்துவிடலாம் என்ற கணக்கு பல நேரம் நடக்காது, கப்பல் நடுக்கடலில் இருக்கும்போது நினைவு வைத்துச் செய்ய வேண்டும். ஒவ்வொரு பொருளுக்கும், ஒவ்வொரு பாக்கெட் அளவுக்கும், ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனித்தனி நோட்டீஸ். 80 பொருள் என்றால் 80. பேக்கிங் லிஸ்டில் "மசாலா வகைகள், 140 பெட்டி" என்று இருந்தால் புரோக்கர் யூகித்துத்தான் நிரப்புவார். அந்த யூகம் எஃப்.டி.ஏ. பொருள் குறியீட்டில் தப்பாக விழும், மிளகுத்தூள் வேறு ஏதோ பொருளாகப் பதிவாகும். பெயர், பாக்கெட் எடை, பெட்டிக்கு எத்தனை, லாட் எண், தயாரிப்பாளர், பதிவு எண், ஊறுகாயானால் எஃப்.சி.இ., எஸ்.ஐ.டி. என்று ஒரே வரியில் வருகிற பட்டியலைத் தயாரிப்பாளரே அனுப்பும்படி பழக்குங்கள்.

நின்றுவிட்டால்

சுங்கம் விடுவித்ததும் எஃப்.டி.ஏ.வும் விடுவித்துவிட்டதாக நினைத்துக் கடைகளுக்குப் பிரித்து அனுப்பிவிடுவது ஆபத்தான தவறு. எஃப்.டி.ஏ.வின் விடுதலைச் செய்தி தனியாக வர வேண்டும். அது வருமுன் விற்று, பிறகு அவர்கள் திருப்பிக் கொண்டுவரச் சொன்னால், சுங்கத்துக்கு நீங்கள் கொடுத்த பாண்டின் (உறுதிப் பத்திரம்) படி சரக்கு மதிப்பில் மூன்று மடங்கு வரை கட்ட நேரும். கிடங்கிலேயே, பிரிக்காமல், மற்றச் சரக்கோடு கலக்காமல் வையுங்கள்.

தடுப்பு நோட்டீஸ் வந்தால் அதில் பதில் தர வேண்டிய கடைசி நாள் இருக்கும். அதற்குள் ஆதாரத்தோடு பதில் போக வேண்டும், நேரம் போதாதென்றால் எழுத்தில் நீட்டிப்புக் கேட்க வேண்டும். லேபிள் குறையானால் படிவம் 766 மூலம் திருத்த அனுமதி கேட்கலாம், எதை எப்படி மாற்றப் போகிறோம் என்று புது லேபிளின் மாதிரியோடு. முதல் விண்ணப்பத்தையே முழுமையாகச் செய்யுங்கள், இரண்டாம் முறை எளிதில் கிடைக்காது. சட்டவிரோத நிறத்தை ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய முடியாது. நிராகரித்துவிட்டால் 90 நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும், அல்லது அழிக்க வேண்டும்.

சால்மோனெல்லா கிடைத்தால் விவகாரம் அந்தக் கன்டெய்னரோடு நிற்பதில்லை. தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும் பொருளும் இறக்குமதி எச்சரிக்கை 99-19 பட்டியலில் ஏறும். அதற்குப்பின் அவர் அனுப்பும் அதே பொருள் யார் பெயரில் வந்தாலும் சோதனைக்கு முன்பே தடுக்கப்படும். ஒவ்வொரு முறையும் இறக்குமதியாளர் தன் செலவில் ஆய்வக அறிக்கை கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். பெயரை நீக்க, தவறு எங்கே நடந்தது, எப்படித் திருத்தினோம் என்ற விளக்கத்தோடு குறைந்தது 5 சரக்குகள் அடுத்தடுத்துச் சுத்தமாக வந்திருக்க வேண்டும். சிறிய மசாலா ஆலைக்கு அது இரண்டு வருடக் கதை.

இந்தப் பட்டியல் எஃப்.டி.ஏ. தளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, நாடு வாரியாகப் பார்க்கலாம். முன்பணம் அனுப்புமுன் தயாரிப்பாளரின் பெயரை அங்கே தேடுங்கள். பெயரை மட்டும் தேடிவிட்டு நிறுத்தாமல், ஆலையின் முகவரியையும் பழைய பெயர்களையும் தேடுங்கள். பெயர்ப்பலகையை மாற்றினாலும் பட்டியலில் ஏறிய கதவு எண்ணும் தெருவும் மாறாது.